லைனம்மா

அம்மா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவள் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த மாலைப் பத்திரிகையில் அவளை எல்லோரும் லைனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பழைய ஆட்கள் வரவேற்பில் அந்தப் பெயரைச் சொல்லி அறை எண் கேட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் அப்படி யாரும் இல்லை. வராந்தாவில் நின்று சத்தம் போட்டே கண்டுபிடித்தார்கள்.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் பழுது பார்க்கும் பொறியாளர். என் வேலையில் லைன் என்றால் ஒன்றுதான்: இரண்டு முனை, நடுவில் செம்புக் கம்பி. அம்மாவின் அலுவலகத்தில் அந்தச் சொல் அறைக்கு அறை வேறாக இருந்தது. மாடியில் ஆசிரியர் “இதுல நம்ம லைன் என்ன?” என்று கேட்டால் பத்திரிகையின் நிலைப்பாடு. அச்சுக் கோர்க்கும் கூடத்தில் ஈயத்தில் நிற்கும் ஒரு வரி. படத்தகடு செய்பவருக்கு, நிழல் இல்லாத கோட்டுப்படம். விநியோகப் பிரிவில் பேப்பர் வண்டி போகும் பாதை. கிழக்கு லைன், மில் லைன், ஆத்து லைன் என்று ஏழு உண்டு. நிருபர்களுக்கு, செய்தியின் தலையில் தங்கள் பெயர் வரும் இடம்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை பேரும் அம்மாவின் அறை வாசலில் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

“லைன் போயிடுச்சா?”

அம்மா நிமிர்ந்து, கேட்பவர் முகத்தைப் பார்ப்பாள். அச்சுக்கூடப் போர்மேன் என்றால், “போகல. கடைசி ரெண்டு வரி இதோ.” விநியோக அண்ணன் என்றால், “ஆத்து வண்டி இப்பத்தான் கிளம்புச்சு, ஓடுங்க.” எலக்ட்ரீஷியன் என்றால், “மாடியில மட்டும் இல்ல.” புது நிருபர் தயங்கித் தயங்கி வந்து நின்றால், “ஆமாப்பா, உன் பேரை எடுத்துட்டாங்க. டீ குடிச்சிட்டு வா, சரியாயிடும்.” ஒருத்தருக்குக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்பது அவளுக்குப் பெருமை.

அவளுடைய அறைக்குள் லைன் என்றால் டிரங்க் கால், வெளியூரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு. மாடிப்படிக்கு அடியில் ஒரு சாய்ந்த அறை. நிமிர்ந்து நிற்க முடிந்தது கதவருகே மட்டும்தான். மூன்று பக்கமும் பழைய பேப்பர் கட்டுகள் கூரை வரை. வெளிச்சத்தம் வராமல் இருக்க. ஒரு மேசை, தமிழ் டைப்ரைட்டர், காதில் மாட்டும் ஹெட்செட். காலை ஏழிலிருந்து பதினொன்றே முக்கால் வரை பதினோரு ஊர்களிலிருந்து நிருபர்கள் கூப்பிட்டுச் செய்தி சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும், அவள் அடித்து முடிக்க வேண்டும்.

சுவரில் ஓர் அட்டை. கேட்டதை அடி. கூட்டாதே. குறைக்காதே. எழுதி ஒட்டியவர் செய்தி ஆசிரியர். எல்லாச் செய்தியையும் பாதியாக நறுக்குவதால் அவருக்குக் கத்திரி என்று பெயர். அம்மாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அறிவாளி. நிருபர் சொன்னது சுவையாக இல்லை என்று பட்டால் கொஞ்சம் சேர்ப்பார். ஒரு நாள் ‘காயமடைந்த நால்வர்’ அவர் கையில் இறந்துபோனார்கள். நால்வரும் மறுநாள் நேரில் வந்து நியாயம் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அட்டை.

கத்திரி அம்மாவை வேலைக்கு எடுத்தபோது கேட்டது ஒரே கேள்வி.

“வேகமா அடிப்பியாம்மா?”

“சொல்றவங்க வேகமா சொன்னா அடிப்பேன் சார்.”

“மெதுவா சொன்னா?”

“காத்திருப்பேன்.”

ஆறு மாதம் பார்க்கலாம், பிறகு நிரந்தரம் என்றார். ‘பொம்பளைப் பிள்ளை தாங்காது’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவளுக்குக் கேட்டது. காது அப்படி. அவளுக்குக் கீழே படிக்கும் தம்பி தங்கைகள் நான்கு பேர். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டியிருந்தது.

நிருபர்கள் செய்தியை நிறுத்தக்குறியோடுதான் சொல்வார்கள். “கலெக்டர் வந்தார் புள்ளி மக்கள் மனு கொடுத்தனர் புள்ளி அடுத்த பத்தி.” இதில் அம்மா ஒரு முறை வைத்திருந்தாள். நடுநடுவே நிருபர்கள் தும்முவார்கள், பக்கத்தில் இருப்பவரைத் திட்டுவார்கள், “சே, பேனா எழுதல” என்பார்கள். புள்ளி சொன்னால் அது செய்தி. புள்ளி இல்லையென்றால் வெறும் பேச்சு. பேச்சை அடிக்க மாட்டாள்.

பதினொரு பேரில் ஒருவர்தான் அணைக்கட்டு நிருபர். எழுபது மைல் தள்ளி, ஆற்றின் மேல்முனையில் இருந்த ஊர். மற்ற பத்துப் பேரும் மூன்று நிமிடமும் மூச்சு விடாமல் பொழிவார்கள். இவர் மட்டும் அவள் டைப்ரைட்டரில் ஒவ்வொரு தாளும் முடியும் நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் பண்ணி நிறுத்துவார்.

“தாள் மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சு. சொல்லுங்க.”

ஏறக்குறைய ஆறு மாதம் இதுதான் அவர்கள் பேசிக்கொண்டது. பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் அலுவலகத்தில் யாருக்கு எது தெரியாமல் இருந்தது? போர்மேன் கதவில் சாய்ந்துகொண்டு, “என்ன லைனம்மா, அணைக்கட்டு லைன் மட்டும் ரொம்பத் தெளிவா கேக்குதாமே?” என்பார். அந்தச் சொல்லுக்கு வாலிபர்கள் கொடுத்த இன்னொரு பொருள் அவள் காதிலும் விழுந்துதான் இருந்தது.

“அங்க தெளிவுதான் அண்ணே. இரைச்சல் எல்லாம் இந்தக் கதவுகிட்டதான்.”

அந்த ஆறு மாதப் பரீட்சைக் காலம் முடிய நான்கு நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, அணை நிரம்பியது. பதினொன்று முப்பத்தெட்டுக்கு அணைக்கட்டு லைன் கிடைத்தது. பக்கம் மூட ஏழு நிமிடம். அம்மா அடித்தாள். ஏழு மதகுகளும் திறக்கப்பட்டன புள்ளி. கரையோர மக்கள் விழிப்போடு இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் புள்ளி. தாள் தாளாகப் போர்மேன் உருவிக்கொண்டு ஓடினார். வழக்கமாக நடுவில் கத்திரி பார்ப்பார். அந்தக் கடைசி ஏழு நிமிடத்தில் மட்டும் நேராகக் கூடத்துக்கு.

லைன் அறுந்தது. திரும்பப் படித்துக் காட்ட நேரமில்லை.

மூன்று மணிக்குப் பேப்பர் கடைக்கு வந்தது. முதல் பக்கம், வெள்ளச் செய்தியின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

‘வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மணிக்கூண்டின் கீழ் நிற்பேன். உங்களை நேரில் பார்க்க வேண்டும். விருப்பமில்லை என்றால் வர வேண்டாம்.’

அந்த அணைக்கட்டு நிருபர்தான் என் அப்பா. சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்திருந்தார். தைரியம் வராமல் செய்திக்குக் கீழேயே அதையும் எழுதி வைத்துக்கொண்டார். எழுதியதைப் படித்தார். படிக்கும்போது பழக்கம் விடவில்லை. மூன்று வாக்கியத்துக்கும் மூன்று புள்ளி சொல்லிவிட்டார்.

அம்மா அடித்தாள். அச்சுக் கோர்ப்பவர் கோர்த்தார். தாளில் இருப்பதைக் கோர்ப்பதுதான் அவர் வேலை. பிழை திருத்துபவர் தாளையும் அச்சையும் ஒப்பிட்டார். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. யாரும் தப்புச் செய்யவில்லை. பதினெட்டாயிரம் பிரதி.

தெரிந்து அடித்தாளா, தெரியாமல் அடித்தாளா? எங்கள் வீட்டில் இது முப்பது வருட வழக்கு. காதுக்கும் விரலுக்கும் நடுவில் தலை வேலை செய்யாது, அப்படித்தான் அந்த வேலை என்பாள் அம்மா. அப்பா சிரிப்பார், வாய் திறக்கமாட்டார்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் நான் அதை அளந்து பார்த்தேன். வானொலிச் செய்தியை வைத்து அவளை அடிக்கச் சொன்னேன், நிறுத்தக் கடிகாரத்தோடு. பேசுபவருக்கு நான்கு வார்த்தை பின்னால் அவள் விரல் வந்தது. எப்போது அளந்தாலும் நான்கு. அப்படியானால் அன்று லைன் அறுந்த பிறகு நான்கு வார்த்தை மிச்சம். ‘விருப்பமில்லை என்றால் வர வேண்டாம்’, அந்த நான்கும் அமைதியில் அடிக்கப்பட்டவை. காதில் ஒன்றும் இல்லை. எதிரே காகிதம் மட்டும். படிக்காமல் இருந்திருக்க முடியாது.

கணக்கை அவள் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை பார்த்தாள்.

“உன்னை இந்தப் படிப்புப் படிக்க வச்சதே தப்பு.”

“தெரிஞ்சுதானேம்மா அடிச்சே?”

“தெரிஞ்சா மட்டும்? புள்ளி சொல்லிட்டார். பிடிக்கலைன்னு ஒண்ணை அழிச்சா, நாளைக்குப் பிடிச்சதை ஒண்ணு சேர்க்கச் சொல்லும் கை.”

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. போர்வை மேல் விரல்கள் அசைந்தன. நடுக்கம் என்றார் டாக்டர். நான் பக்கத்துக் கட்டிலில் பேசுபவர்களைக் கேட்டுக்கொண்டே விரலைப் பார்த்தேன். நான்கு வார்த்தை பின்னால் வந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை.

பேப்பர் வந்த மறுநாள், அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். விடிந்ததும் விநியோக அண்ணன் ஓடி வந்தார்.

“ஆத்து லைன் பூரா ஒரே பேச்சு. ஞாயித்துக்கிழமை பெரிய அதிகாரி வர்றாராம், மணிக்கூண்டுல மனு வாங்குறாராம். ‘விருப்பமில்லன்னா வராதே’ன்னு எவ்வளவு கண்டிப்பா சொல்லியிருக்கார் பாருன்னு ஜனங்க மெச்சிக்கிறாங்க. யாரும்மா அந்த அதிகாரி?”

அம்மா பதில் சொல்வதற்குள் டிரங்க் கால் மணி அடித்தது. அணைக்கட்டு.

“நான்தான். பேப்பர் பாத்தேன். ராத்திரி சோறு இறங்கல. ஆசிரியர்கிட்ட எல்லாம் என் தப்புன்னு சொல்லிடறேன், நீங்க...”

“புள்ளி இல்லாம பேசறீங்க. இதை நான் எடுக்க மாட்டேன். செய்தி இருந்தா சொல்லுங்க.”

அவர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு நீர்மட்டம் எத்தனை அடி என்று சொல்ல ஆரம்பித்தார்.

எட்டு மணிக்குக் கத்திரி கூப்பிட்டார். மேசை மேல் பேப்பர் விரித்து, கடைசிப் பத்தியைச் சிவப்புப் பென்சிலால் வளைத்திருந்தார். போர்மேன் ஒரு பக்கம், பிழை திருத்துபவர் ஒரு பக்கம். இருவரும் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இது அவன் சொன்னதா, நீ சேர்த்ததா?”

“கேட்டதை அடிச்சேன் சார்.”

“புள்ளி சொன்னானா?”

அந்த இடம்தான் சிக்கல். சொன்னார் என்றால் அவர் பெயர் நிருபர் பட்டியலிலிருந்து போகும். சொல்லவில்லை என்றால் பேச்சைச் செய்தியாக்கிய குற்றத்துக்கு அவள் நாற்காலி போகும். திங்கட்கிழமை ஆறு மாதம் முடிகிறது.

“சொன்னார் சார். ஆனா அது செய்திதானே?”

“எது செய்தி? ஒருத்தன் எவளையோ பாக்கணும்கிறது செய்தியா?”

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மணிக்கூண்டுல ஒருத்தர் நிப்பார்னு போட்டிருக்கோம். நின்னா செய்தி சரி. நிக்கலைன்னாத்தான் சார் தப்பு.”

போர்மேனுக்கு இருமல் வந்துவிட்டது. கத்திரி அவரை முறைத்தார்.

“யாரும் வரமாட்டாங்கன்னு நாளைக்கு ஒரு மறுப்பு போட்டா முடிஞ்சுது.”

“வர்றாரே சார். அப்ப அந்த மறுப்பு பொய்யாயிடும்.”

கத்திரி பென்சிலை வைத்தார். அவர் எழுதிய அட்டையே அவருக்கு எதிராக நின்றது.

“சரி. அவனும் நிக்கணும், வர்ற ஜனங்களுக்கும் ஏதாவது பதில் கிடைக்கணும். நடந்தா திங்கக்கிழமை நீ உன் இடத்துல இரு. ஜனங்க வந்து ஏமாந்து போனாங்கன்னு ஒரு கடுதாசி எனக்கு வந்தாலும், ரெண்டு பேரும் வேற வேலை தேடுங்க.”

ஞாயிறு காலை அம்மா விநியோக அண்ணனின் வண்டியில் டைப்ரைட்டரை ஏற்றினாள். மடக்கு மேசை, இரண்டு முக்காலி, ஒரு கட்டுத் தாள். “பொண்ணு பாக்கப் போறவ மாதிரியா இருக்கு, ஜப்தி பண்ணப் போற மாதிரி இருக்கு” என்றாராம் அண்ணன்.

“மாப்பிள்ளை பாக்கத்தான் போறேன். வண்டியை எடுங்க.”

எங்கள் ஊர் மணிக்கூண்டைச் சுற்றி அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அம்மாவுக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் கூட்டத்துக்கு நடுவிலிருந்து தெரிந்த குரல் ஒன்று வந்தது.

“ஐயா, நான் அதிகாரி இல்லீங்க. வெறும் நிருபர். கையெடுத்துக் கும்பிடாதீங்க, பெரியவரே.”

“எவ்வளவு அடக்கம் பாரு” என்றது கூட்டம்.

கஞ்சி போட்ட சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. எதிர்பார்த்ததைவிட ஒரு சாண் குட்டையாக இருந்தார் என்று அம்மா எங்களிடம் எப்போதும் சொல்வாள், அவர் எதிரிலேயே. அவள் வழி விலக்கிக்கொண்டு போய் மேசையைப் போட்டாள், டைப்ரைட்டரில் தாளைச் சுழற்றினாள், அவரை முதல் தடவையாகப் பார்த்தாள்.

“தாள் மாத்தியாச்சு. சொல்லுங்க.”

அப்பாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக் கூட்டத்தைப் பார்த்து, “எல்லாரும் லைனா வாங்க!” என்று கத்தினார்.

மூன்று மணி நேரம். அவர் கேட்டார், சுருக்கினார், புள்ளி வைத்துச் சொன்னார், அவள் அடித்தாள். கரையோரத் தெருவில் விளக்கு எரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்சுவர் சரிகிறது. குழாயில் சேறு வருகிறது. படகுத்துறைப் படியில் மூன்றாவது கல்லைக் காணவில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தெரியாமல் கூவுகிறது. ஒருவர் முன்னால் வந்ததும், “பஸ் டிக்கெட் இங்கதானே?” என்றார். இல்லை என்றதும், இவ்வளவு நேரம் நின்றதற்கு ஏதாவது சொல்லாமல் போகக் கூடாது என்று, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொருவரிடமும் அம்மா சொன்னது: “இதைத் தீர்க்க எங்களால ஆகாது. பேப்பர்ல போடுவோம். அதிகாரி மேசைக்கும் அனுப்புவோம். அவ்வளவுதான்.” கோபப்படுவார்கள் என்று பயந்தாள். யாரும் கோபப்படவில்லை. எழுதிய தாளில் தங்கள் குறை தப்பில்லாமல் இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் வாசித்தாள். தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அறுபத்து மூன்று பேர் போன பிறகு, முக்காலியில் யாரோ உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தாள். அவர்தான்.

“நானும் லைன்ல நின்னுதான் வந்திருக்கேன்.”

“குறை?”

“தனியா இருக்கேன்.”

அடித்தாள்.

“எத்தனை நாளா?”

“இருபத்தொம்போது வருஷமா.”

“முன்னாடி யார்கிட்டயாவது மனு கொடுத்திருக்கீங்களா?”

“இல்லீங்க. இதான் முதல் தடவை.”

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி அவள் கேட்டது மனுவுக்கான கேள்வி இல்லை.

“நான் வேலையை விடமாட்டேன். நாளைக்கு நாற்காலி கிடைச்சா, கல்யாணம், குழந்தை எது வந்தாலும் அதுலதான் இருப்பேன். வீட்டுல இன்னும் நாலு பேர் படிக்கிறாங்க.”

“நீங்க விட்டுட்டா, எனக்குத் தாள் மாத்த யாரு நேரம் கொடுப்பா?”

“அது நீங்க எனக்குக் கொடுக்கறது.”

“அதேதான். கொடுக்க ஆள் வேணுமில்ல?”

அம்மா சிரித்துவிட்டாள். விநியோக அண்ணன் வண்டியிலிருந்து தலையை நீட்டி, “முடிஞ்சுதா? எனக்குப் பசிக்குது!” என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே அறுபத்து மூன்று குறைகளும் கத்திரியின் மேசைக்குப் போயின. அறுபத்து நான்காவது தாளை அம்மா எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாளாம். இதையும் நான் நம்பவில்லை. அவர் எல்லாவற்றையும் படித்தார். எதையும் வெட்டவில்லை, அலுவலகத்தில் அன்று அதைத்தான் பெரிய செய்தியாகப் பேசினார்கள். கடைசித் தாளை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் பக்கம் முழுவதும் கரையோரக் குறைகள் வந்தன. அந்த மாதத்துக்குள் இருபத்தேழு தீர்ந்தது. சேவல் தீரவில்லை.

ஏழு மணிக்குக் கத்திரி மாடிப்படி அடியில் குனிந்து வந்து நின்றார்.

“நாற்காலியை ஒரு நாலு விரல் ஒசத்திப் போடச் சொல்லு. வருஷக்கணக்கா உக்காரணும், முதுகு போயிடும்.”

நிரந்தர உத்தரவு தட்டச்சாகி வந்தது அந்த வார இறுதியில்தான். அவளுக்கு அது அப்போதே கிடைத்துவிட்டது.

அவர் போனதும் மணி அடித்தது. அணைக்கட்டு லைன். மதகுகள் ஆறு மூடப்பட்டன புள்ளி. நீர்மட்டம் குறைகிறது புள்ளி. கரையோரம் அச்சமில்லை புள்ளி. அம்மா திரும்பப் படித்துக் காட்டினாள். சரி என்றார். மூன்று நிமிடத்தில் இன்னும் நேரம் இருந்தது. இருவரும் போனை வைக்கவில்லை.

நடுவில் ஒரு பெண் குரல் புகுந்தது. எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுக்கும் ஆபரேட்டர். ஆறு மாதமாக இந்த இரண்டு முனையையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தவள்.

“பேசுங்கம்மா. இன்னும் நாப்பது செகண்டு இருக்கு. நான் காதைப் பொத்திக்கிறேன்.”

அந்த நாற்பது செகண்டில் என்ன பேசினார்கள் என்று அம்மா கடைசி வரை சொல்லவில்லை. போன வாரம் அப்பாவிடம் கேட்டேன். அவள் போனதிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“அது பிரசுரத்துக்கு இல்லம்மா” என்றார்.